நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு பென்ஸும்

"ராஜாத்தியைக் காணோம் மேடம்" என்று சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று மரியாதைக்குச் சொல்வது. நிஜத்தில் விழுந்தார்.

ஆண்டனி பேனா மூடியைத் திறந்தான். "வயசு?"

"அம்பத்தொண்ணு."

"கடைசியா என்ன உடுத்தியிருந்தாங்க?"

"ஐவரி ஒயிட்டு. உள்ளாற செவப்பு லெதர்."

ஆண்டனி எழுதுவதை நிறுத்தினான். ஐம்பத்தொரு வயதில் உள்ளே சிவப்பு லெதர் போட்டுக்கொண்டு காணாமல் போன பெண்மணி யாரையும் அவன் இதுவரை தேடியதில்லை. எதிர் மேஜையில் பத்மப்ரியா பாதி தின்ற சமோசாவைக் கீழே வைத்தாள்.

"அது கார், ஆண்டனி. பக்தவத்சலம் சாரோட பழைய பென்ஸ். செகந்திராபாத்துல பாதி ஊருக்குத் தெரியும். அய்யாக்கண்ணு, நீங்க முதல்ல தண்ணி குடிங்க."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நடந்துகொண்டிருந்தது பத்மப்ரியாவின் கல்யாண விசாரணை நிலையம். மாப்பிள்ளை நிஜமாகவே ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியில் வேலை பார்க்கிறானா, இல்லை கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு கம்பெனி வாசலில் டீ குடித்துவிட்டு வீடு திரும்புகிறானா என்று பார்த்துச் சொல்வது தொழில். அந்த 2009-ஆம் வருஷம் தொழிலுக்கு நல்ல வருஷம். முந்தின வருஷம் வேலை போனதை மாப்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பெண் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

தூத்துக்குடி ஆண்டனியும் அப்படிச் சொல்லாமல் இருந்தவன்தான். சாப்ட்வேர் டெஸ்டர். பெண் வீட்டார் சார்பில் அவனை விசாரிக்கப் போன பத்மப்ரியா, ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாமல் அவன் உளறியதைக் கேட்டு மனசு இளகி, கல்யாணத்தைக் கெடுத்து, கையோடு வேலையும் கொடுத்துவிட்டாள். அதற்காக அவன் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்வான்.

"கார் காணோம்னா போலீஸுக்குல்லா போகணும்?" என்றான் ஆண்டனி. "நாங்க மாப்பிள்ளை காணோம்னாதான் பாப்போம்."

"போலீஸுக்குப் போனா முதல்ல என்னைத்தான் தம்பி உக்கார வைப்பாங்க. வண்டி என் ஷெட்டுலேர்ந்து போயிருக்கு. பூட்டு உடையல. ஐயா ஒரு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள வரலேன்னா கம்ப்ளெயின்ட்டு. ஷெட்டுக்கு சீல் வெச்சுட்டாங்கன்னா, உள்ள இன்னும் மூணு பேரோட வண்டி நிக்குது. அப்புறம் எவன் எங்கிட்ட வண்டி விடுவான்? திருட்டுப் பயன்னு பேரோட நான் திருச்சிக்குத் திரும்பிப் போகணும்." அவர் கண் கலங்கியது. துடைக்கப் போனவர் தன் மெக்கானிக் கை முழுக்க மசி இருந்ததைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார்.

பத்மப்ரியா காலண்டரைப் பார்த்தாள். ஆடி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தமிழர்களுக்குக் கல்யாணம் கிடையாது, தெலுங்குக்காரர்களுக்கும் ஆஷாடம் முடியவில்லை. கல்யாணம் இல்லாத மாதத்தில் கல்யாண விசாரணைக்கு யார் வருவார்கள்? ஒரு வாரமாக இருவரும் சமோசாவைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிய எடு" என்றாள். அவர்களுடைய வண்டி ஒரு ஸ்கூட்டி. அதுவும் காணாமல் போனால் யாரும் டைம் எல்லாம் கொடுக்க மாட்டார்கள்.

*

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டின் பின்பக்கம், முட்டைக்கோஸ் லாரிகள் திரும்பும் சந்தின் கடைசியில் அய்யாக்கண்ணுவின் ஷெட். வாசலில் பக்தவத்சலம் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் செல்போன், முகத்தில் சுடுதண்ணீர் ஊற்றிய சிவப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட்டுக்கு சப்ளை செய்ய வேலூரிலிருந்து வந்த குடும்பம். அப்பா வாங்கிய பென்ஸ் முப்பது வருஷமாக வீட்டுப் பின்னால் தார்ப்பாயின் கீழ் படுத்திருந்தது. ரெண்டு வருஷம் முன்னால் அதை எழுப்பி, அய்யாக்கண்ணுவிடம் விட்டு, கடைசி திருகாணி வரை புதுசாக்கியிருந்தார். இன்றைக்கு விற்பனை.

"டிடெக்டிவ்னு சொன்னான். நீங்க கல்யாண புரோக்கர் இல்ல?" என்றார்.

"கல்யாணத்தை நடத்தறவ இல்ல சார், நிறுத்தறவ" என்றாள் பத்மப்ரியா. "வாங்கறது யாரு?"

"தீபக்னு ஒரு பையன். கச்சிபௌலில கம்பெனி வெச்சிருக்கான். ரிசப்ஷன்ல கண்ணாடிக் கூண்டு கட்டி உள்ள நிறுத்தப் போறான். நாலு மணிக்கு வரான். ஒரே கண்டிஷன்தான். வேலை முடிஞ்சப்புறம் அதுல யாரும் உக்காரக் கூடாது, வண்டி ரோட்ல இறங்கக் கூடாது. நானே உக்காரல. சீட்டு மேல பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கல. எங்க வீட்டம்மா ஒரு தடவை கதவைத் தொட்டப்பவும், நக்கோ, வேணாம்னு சொல்லிட்டேன்."

"காரை வாங்கி ஓட்டாம வைக்கறதுக்கு ஒரு போட்டோ வாங்கியிருக்கலாமே" என்றான் ஆண்டனி.

பக்தவத்சலம் அவனைப் பார்த்த பார்வையில் பெயின்ட் உரிந்திருக்கும். அதற்குள் அவர் கையிலிருந்த போன் அடித்தது. பார்த்தார், கட்டை விரலால் கட் செய்தார்.

"வாங்கறவரா சார்?"

"வீட்லேர்ந்து. காலைலேர்ந்து இதே வேலை. டிபனுக்கு என்ன, சாப்பாட்டுக்கு என்னன்னு. இருக்கிற டென்ஷன்ல அதையெல்லாம் எடுக்கறதா?"

ஷெட்டின் உள்ளே ராஜாத்தி நின்ற இடம் மட்டும் காலியாக, துடைத்த தரையாக இருந்தது. சுற்றிலும் மூன்று பழைய வண்டிகள், எலும்பும் தோலுமாக. பூட்டு நல்ல திண்டுக்கல் பூட்டு. அதற்கு மூன்று சாவி, ஒவ்வொன்றோடும் ஒரு வண்டிச் சாவியும் உண்டு என்றார் அய்யாக்கண்ணு. ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று ஐயாவின் பையில்.

"மூணாவது?"

"எங்க வீட்டு சாமி ரூம்ல" என்றார் பக்தவத்சலம். "பத்திரமா இருக்கு. சாமியைத் தவிர யாரும் தொட மாட்டாங்க."

"சாமி எடுத்திருந்தா கேஸ் போட முடியாது" என்றான் ஆண்டனி. கார் நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்க மறந்துபோனான். "மேடம், இங்க ஜூஸ் போட்டிருக்காங்க."

தரையில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். நான்கும் சப்பையாக நசுங்கி, கொட்டைகள் பிதுங்கிக் கிடந்தன. அவற்றின் மேல் டயர் தடம் அழகாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. நடுவில் கற்பூரம் எரிந்த கறுப்பு.

அய்யாக்கண்ணுவுக்கு வாய் கோணியது. "நான் வாங்கி வெச்சது மேடம். ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவ வெளிய போற வண்டி. நாலு மணிக்கு டிரெய்லர்ல ஏத்தறதுக்கு முன்னாடி திருஷ்டி கழிக்கணும்னு எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு பூசணிக்காய், எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். பாவி, என் பழத்தையே வெச்சு நசுக்கிட்டுப் போயிருக்கான். கற்பூரம் வேற."

"பூசணிக்காய் எங்க? உடைச்ச மாதிரி தெரியலையே."

நால்வரும் தேடினார்கள். உடைந்த பூசணிக்காயும் இல்லை, முழுப் பூசணிக்காயும் இல்லை.

பத்மப்ரியா சிரித்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. ஆண்டனிக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு வந்தால் யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு ஆபத்து.

"திருடன் வண்டியை எடுத்தா என்ன பண்ணுவான் ஆண்டனி?"

"ஓடுவான்."

"நாலு டயருக்கும் குந்தி குந்தி எலுமிச்சம்பழம் வைப்பானா? கற்பூரம் சுத்துவானா?"

ஆண்டனி யோசித்தான். அவன் வீட்டில் புது பைக் வாங்கினால் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். திருடிய பைக்குக்கு ஃபாதரைக் கூப்பிட்ட ஆள் அவன் பேட்டையில் யாருமில்லை. "வைக்க மாட்டான் மேடம். சொந்த வண்டிக்குத்தான் வைப்பாங்க." சொல்லி முடிக்கும்போதே அவன் தலை மெல்லப் பக்தவத்சலத்தின் பக்கம் திரும்பியது. "சார், கொடுக்க மனசு வரலேன்னா நேரா சொல்லிருக்கலாம்லா? எதுக்கு இந்த மனுஷனைப் போட்டு அழ வைக்கீங்க?"

"ஏய்" என்றார் பக்தவத்சலம். "என் வண்டிய நானே திருடறதா? கைக்கு, எதுக்கு? எனக்கென்ன பைத்தியமா?" சத்தம் போட்டதில் மூச்சு வாங்கியது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா வண்டிப்பா அது. விக்கறதே எனக்கு சாவுக்குச் சமம். வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டப் போறாங்க, நிறுத்த இடம் இல்ல. நல்ல இடத்துக்குப் போகணும்னுதான் ரெண்டு வருஷம் பார்த்துப் பார்த்துப் பண்ணேன்."

நடிப்பு இல்லை. ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாதவனுக்கு இன்னொருவனை நன்றாகவே அடையாளம் தெரியும். ஆண்டனி வாயை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பக்தவத்சலம் பார்க்காமலே கட் செய்தார்.

பத்மப்ரியா இதை எதையும் கவனிக்கவில்லை. கார் நின்ற இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது விரல் நுனியில் குருணை போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. உதறினாள், போகவில்லை. ஊதினாள், புடவைக்குத் தாவியது.

"தெர்மோகோல்" என்றாள்.

"பார்ட்ஸ் வந்த பெட்டில இருந்திருக்கும் மேடம்" என்றார் அய்யாக்கண்ணு.

"பெட்டியிலேர்ந்து வந்தா ஷெட்டெல்லாம் பறக்கும். இது ரெண்டே இடத்துல குவிஞ்சிருக்கு. வண்டிக்கு முன்னாடி நடுவுல ஒண்ணு, பின்னாடி நடுவுல ஒண்ணு." விரலை வெளிச்சத்தில் காட்டினாள். வெள்ளைக் குருணைக்கு நடுவே தங்க நிறத்தில் மினுமினுப்பு. "ஜிகினா. இப்ப சொல்லு, ஒரு காரோட நடு முன்னாடியும் நடு பின்னாடியும் என்ன இருக்கும்?"

"நம்பர் பிளேட்டு."

"அது மேல தெர்மோகோலும் ஜிகினாவும் எப்ப வரும்?"

ஆண்டனி எத்தனையோ மாப்பிள்ளைகளின் கார்களுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போயிருக்கிறான். இவர் வெட்ஸ் இவள் என்று தெர்மோகோல் எழுத்துகள் எப்போதும் நம்பர் பிளேட்டின் மேலேதான் உட்கார்ந்திருக்கும். எந்த டிராபிக் போலீஸும் கல்யாண வண்டியை நிறுத்தி நம்பர் கேட்டதில்லை. "ஆஹா" என்றான். "ஊர் பூரா நம்பரை வெச்சுத் தேடினாலும் கிடைக்காது. பூவைச் சுத்திட்டு நட்டநடு ரோட்ல போயிருக்கான் மேடம். கை தட்டி வழி விட்டிருப்பாங்க."

"போர்டை இங்க வெச்சு அளவுக்கு வெட்டி மாட்டியிருக்காங்க. கல்யாண மண்டபத்துக்குத்தான் போயிருக்கு."

"எத்தனை மண்டபம் இருக்கு இந்த ஊர்ல, குகட்பள்ளியிலேயே நூறு இருக்கும். ஒரு மணிக்குள்ள எங்கன்னு பாக்க?"

"அய்யாக்கண்ணு, இந்த வண்டி ஓட்டறது கஷ்டமா?"

"முன்னாடி போறது சுலபம் மேடம். வெண்ணெய் மாதிரி போகும். ரிவர்ஸ்தான் கொஞ்சம் சள்ளை. கியர் ஸ்டீயரிங்லேயே இருக்கு, நம்ம பக்கம் இழுத்து ஒரு தினுசா மேல தூக்கணும். பழக்கம் இல்லேன்னா விழாது. ஐயாவுக்கே விழாது. வாரா வாரம் எனக்குச் சாப்பாடு கொண்டு வர்றப்ப ஐயா வீட்டு அம்மா கூட இந்த ஸ்டூல்ல உக்காந்து கிளட்ச், சோக்குன்னு ஒண்ணொண்ணா விசாரிப்பாங்க. ரிவர்ஸ் யாருக்கும் நான் காட்டவே இல்ல. வண்டிய வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்ததால அது தேவையும் படல."

பத்மப்ரியா இதைக் கேட்டுவிட்டுப் பக்தவத்சலத்திடம் திரும்பினாள். கேட்டது ஒரே கேள்வி. "சார், உங்களுக்கு வயசு என்ன?"

"அறுபது முடியுது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. உங்க காரை எடுங்க. மாரேட்பள்ளி போலாம்."

*

பக்தவத்சலத்தின் இன்னொரு கார் ஒரு சான்ட்ரோ. அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. முன்னால் பத்மப்ரியா, பின்னால் ஆண்டனியும் அய்யாக்கண்ணுவும். அய்யாக்கண்ணு நேரம் கேட்டுக்கொண்டே வந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"மாரேட்பள்ளியில எதுக்கு?" என்றான் ஆண்டனி.

"ரிவர்ஸ் தெரியாத ஆளு ஒரு பெரிய வண்டிய எடுத்துட்டுப் போனா, எப்படிப்பட்ட மண்டபம் வேணும்? ஒரு கேட்ல நுழைஞ்சு நேரா இன்னொரு கேட்ல வெளிய வரணும். எத்தனை மண்டப வாசல்ல நாம காவல் கிடந்திருக்கோம். ரெண்டு கேட் இருக்கிறது எதுக்கு?"

"அந்தப் பழைய குமரன் மண்டபம். மாப்பிள்ளை பின் கேட்டால ஓடிப் போயிட்டான், நான் முன் கேட்ல நின்னேன். அதுக்கு நீங்க என்னை ஏசினீங்க."

"ஹவ், ஆமா. அதுதான்."

"ஆனா மேடம், இது ஆடி. எவனும் கல்யாணம் பண்ண மாட்டானே. வெறும் மண்டபம்லா கிடக்கும்?"

"ஆடியில யாருக்குக் கல்யாணம் நடக்கும்னு யோசி. நட்சத்திரம் வந்தா மாசம் பார்க்காத கல்யாணம் ஒண்ணு இருக்கு."

ஆண்டனி யோசிப்பதற்குள் டாஷ்போர்டில் இருந்த போன் அதிர்ந்தது. பக்தவத்சலம் கை நீட்டினார். பத்மப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள். கட்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றாள் சற்றுப் பொறுத்து. "கடைசியா வீட்லேர்ந்து வந்த போனை எப்ப எடுத்தீங்க?"

பக்தவத்சலம் சிக்னலில் நின்றபடி உண்மையிலேயே ஞாபகப்படுத்திப் பார்த்தார். பச்சை விழுந்தும் விடை வரவில்லை.

*

நாதஸ்வரம் தெருமுனையிலேயே கேட்டது. முன் கேட்டில் ஒரு சின்ன வாழைமரம், அவசரத்துக்குக் கட்டியது. உள்ளே, போர்ட்டிகோவின் கீழ், ரோஜாவும் மல்லிகையும் போர்த்திக்கொண்டு ராஜாத்தி நின்றாள். சுற்றி நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை பம்பரில் முகம் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அய்யாக்கண்ணு சான்ட்ரோ நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினார். ஓடியவர் காரைத் தொடாமல் சுற்றி வந்தார், மூச்சு விடாமல் மட்கார்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "டேப் ஒட்டல" என்றார், அழுகிற குரலில். "எல்லாம் நூல் மேடம். புது பெயின்ட்ல டேப் ஒட்டினா உரியும்னு தெரிஞ்சவங்க கட்டினது."

பக்தவத்சலம் நேராக நம்பர் பிளேட்டுக்குப் போனார். அங்கே நம்பர் இல்லை. தங்க ஜிகினா தூவிய தெர்மோகோல் எழுத்தில், பக்தவத்சலம் வெட்ஸ் மங்கையர்க்கரசி என்று இருந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்தார். இரண்டாம் தரம் உதடு அசைந்தது.

டிரைவர் சீட்டில், பிளாஸ்டிக் கவரின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, அரக்குப் பட்டுப்புடவையில் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு செல்போனில் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். பக்தவத்சலத்தின் கையில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவர் கட்டை விரல் தானாக நகர்ந்தது. பாதியில் நின்றது.

அந்த அம்மாள் தலையை வெளியே நீட்டினார். "எடுக்க மாட்டீங்களா? இப்பவும்?"

நாதஸ்வரக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"மங்கை, நீயா" என்றார் பக்தவத்சலம். "போலீஸ் வரைக்கும் போக இருந்தேன். சொல்லிட்டு எடுக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன சொல்வீங்க?"

பக்தவத்சலம் வாயைத் திறந்தார். 'ந' என்ற எழுத்துக்கு நாக்கு தயாரானதை ஆண்டனி தெளிவாகப் பார்த்தான். பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அதான் சொல்லல" என்றார் மங்கையர்க்கரசி. "இன்னிக்கு உங்க நட்சத்திரம். அறுபதாம் கல்யாணத்துக்கு வாத்தியார் நாள் பார்த்துக் குடுத்தார். வண்டி விக்கற வரைக்கும் வீட்ல ஒரு விசேஷம் வேண்டாம்னுட்டீங்க. சரின்னு நானே எல்லாம் ஏற்பாடு பண்ணேன். வண்டியைக் கொண்டு வந்து நிறுத்திட்டு, போன் பண்ணிக் கூப்பிட்டா வந்துடப் போறீங்க, ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். வாத்தியார் ரெண்டு தடவை காபி குடிச்சிட்டார். நல்ல நேரம் முடியப் போறது. நீங்க எடுத்தாத்தானே? உங்களுக்கு முப்பது வருஷமா என் போன் வந்தா சாப்பாட்டுக்குத்தான்."

ஷெட் சாவிக்கு எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. சாமி அறைக்குள் தினம் இரண்டு வேளை போகிறவர் யார் என்பது அவருக்கே இப்போதுதான் உறைத்தது போல, பக்தவத்சலம் மெல்ல நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"உனக்கு கார் ஓட்டத் தெரியுமா?"

"பாருங்க, அதுவும் தெரியாது உங்களுக்கு. நாலு வருஷம் முன்னாடி டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வந்த அன்னிக்கும் போன் பண்ணேன்." அவர் ஸ்டீயரிங்கை ஒரு தரம் தடவினார். குரல் இறங்கியது. "நம்ம கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்க இதுல வந்தீங்க. நான் பாத்திர பண்டத்தோட வேன்ல வந்தேன். பொண்ணு கால்ல மருதாணி, சீட்டு கெட்டுப் போகும்னார் உங்க அப்பா. சரி, பெரியவர். அப்புறம் இத்தனை வருஷம் அது தார்ப்பாய்க்குள்ள இருந்துச்சு, நான் சமையல் ரூம்ல இருந்தேன். இன்னிக்கு அதைக் கண்ணாடிக் கூண்டுல வைக்கப் போறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதுல உக்காந்து என் கல்யாணத்துக்கு நான் வரணும்னு நினைச்சேன். அது தப்பா?"

ஆண்டனி மெல்லப் பத்மப்ரியாவின் பக்கம் சாய்ந்தான்.

"உங்களுக்கு ஷெட்டுலேயே தெரியும். அந்தப் போனைப் புடுங்கி எடுத்திருந்தா அங்கேயே கேஸ் முடிஞ்சிருக்கும்லா?"

"முடிஞ்சிருக்கும். அவர் அங்கேருந்தே கத்தியிருப்பார், இந்தம்மா அழுதுட்டே வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பாங்க. மண்டபத்துல நாப்பது பேர் முன்னாடி கத்த முடியாது பாரு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"பூசணிக்காய்லயே. திருஷ்டி கழிக்கவும் தெரியணும், நல்ல காயை ரோட்ல போட்டு உடைக்க மனசும் வரக் கூடாது. அது ஆம்பளை வேலை இல்ல."

பந்தியிலிருந்து அப்போதுதான் மோர்க்குழம்பு வாசனை வந்தது. ஆண்டனி மூக்கைத் தூக்கினான். தடயம் கொதித்துக்கொண்டிருந்தது.

பக்தவத்சலம் கார் கதவின் பக்கத்தில் போய் நின்றார். மாலையை எடுத்துக்கொண்டு நெருங்கிய வாத்தியாரை மங்கையர்க்கரசி கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க சாமி. இவர் முதல்ல அய்யாக்கண்ணுகிட்டப் பேசட்டும். அந்த மனுஷன் முகத்தைப் பாருங்க. காலைலேர்ந்து என்ன சொன்னீங்க அவரை?"

பக்தவத்சலம் அய்யாக்கண்ணுவின் எதிரே போய் நின்றார். அறுபது வயதில் முதல் தடவையாகச் செய்யும் காரியம் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. "திருட்டுப் பயன்னு சொன்னேன்" என்றார். "தப்பு. மன்னிச்சுக்கோ அய்யாக்கண்ணு. கச்சிபௌலிக்கு நீயும் கூட வா. வண்டியைப் பண்ணது யாருன்னு நானே அந்தப் பையன்கிட்ட சொல்றேன்."

அய்யாக்கண்ணு தலையை மட்டும் ஆட்டினார். இந்தத் தடவை மசிக் கையோடே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. வாத்தியார் நல்ல நேரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொன்னார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார், தாலி கட்டியாயிற்று. ஆண்டனி பந்தியில் மூன்று தடவை மோர்க்குழம்பு வாங்கினான். தடயத்தை அழிப்பது குற்றம் என்று பத்மப்ரியா சொன்னபோது, அவள் இலையிலும் ஒரு பூசணித் துண்டு மிச்சமில்லை.

மணி மூன்றைத் தொடும்போது பக்தவத்சலம் ஈரத் தலையோடு வெளியே வந்து, பென்ஸின் பின் கதவைத் திறந்து மனைவிக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அளவில் அது பெரிய காரியம்.

"பின்னாடி நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி டிரைவர் சீட்டுக்குப் போனார்.

பக்தவத்சலம் பின் கதவைச் சாத்தினார். சுற்றி வந்து முன்னால், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. அவரே அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, கிழித்து, ஜன்னல் வழியாக வெளியே போட்டார். அய்யாக்கண்ணுவுக்கு மயக்கமே வந்திருக்கும், நல்லவேளை அவர் பாயசத்தில் இருந்தார்.

"இதை வெச்சுக்கோப்பா" என்று செல்போனை ஆண்டனியின் கையில் திணித்தார். "ஷெட்டுக்கு நேரா வந்துடறோம்."

ராஜாத்தி உறுமாமல், முனகாமல் கிளம்பினாள். பின் கேட் வழியாக வெளியே போய், ஷெட் இருக்கும் திசைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டியவள், டேங்க் பண்ட் ஏரிக்கரைக்குப் போகும் வலது பக்கம் திரும்பினாள். உள்ளே யாரும் அதைத் தப்பென்று சொன்னதாகத் தெரியவில்லை. ரோஜா இதழ்கள் தெரு நெடுகப் பறந்துகொண்டிருந்தன.

"வழி மாறிப் போறாங்க மேடம்" என்றான் ஆண்டனி.

"ரிவர்ஸ் தெரியாதே. இனி ஊரைச் சுத்தித்தான் வரணும்."

அவன் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் தீபக், கச்சிபௌலி என்று வந்தது. ஆண்டனி பத்மப்ரியாவைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். ஆண்டனி கட்டை விரலை நீட்டி, பக்தவத்சலம் செய்வது போலவே, பார்க்காமல் கட் செய்தான்.

"யாரு?" என்றாள் பத்மப்ரியா.

"யாரோ காருக்காம் மேடம்" என்றான். "சார் வீட்டோட பேசிட்டிருக்கார்லா."